ராஜாவுக்கு விரல் நீட்டக் கூடாது

அட்லாண்டிக் நடுக்கடலில் தனியாகக் கிடக்கிற செயின்ட் ஹெலினா தீவில் வந்து இறங்கி, டெஸ்மண்ட் பார்கோ வீடு எது என்று கேட்டால், கேட்டவர் பொழுது சாயும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு ஆள் தீவில் இல்லவே இல்லை என்று டெஸ்மண்டின் சொந்தச் சித்தப்பாவே சத்தியம் பண்ணுவார். ராஜா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் கை காட்டுவார்கள். ஐந்தாவது ஆள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

தீவில் பட்டப்பெயர்தான் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பாஸ்போர்ட்டுக்கும் கல்லறைக்கும் மட்டும். டெஸ்மண்டுக்கு ராஜா பட்டம் கிடைத்தது பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில். மூன்று ராஜாக்களில் மூன்றாவதாக வந்தவன், வசனத்தை மறந்துபோய், குழந்தை இயேசுவுக்குக் கொடுக்க வேண்டிய பிஸ்கட் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி நேரே வீட்டுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து ராஜா. இப்போது நாற்பது தாண்டிவிட்டது, லேசாகத் தொந்தி விழுந்துவிட்டது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்து பிழைக்கிறான். ஆனாலும் ராஜா ராஜாதான்.

வார இறுதியில் கிரிக்கெட். தீவுக்கு ஒரே மைதானம். ஓங்கி அடித்தால் பந்து பள்ளத்தாக்கில் போய் விழும். தேடப் போனவன் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் மீன் கட்லெட்டைத் தின்று முடித்திருப்பார்கள். பந்து போடுகிறவர்கள் அதே ஆறு பேர்தான், இருபத்தைந்து வருடமாக. கேப்டனின் பட்டப்பெயர் சட்டி. சட்டி ஓடிவரும்போது தோள் இறங்கியிருந்தால் பந்து உள்ளே வரும். முந்தின நாள் வீட்டில் சண்டை என்றால் ஃபுல்டாஸ். எல்லாம் ராஜாவுக்கு அத்துப்படி. தெரிந்தும் அவுட் ஆகிவிடுவான், அது வேறு விஷயம். பதினோராவது ஆளாக இறங்குகிறவனிடம் அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ராஜாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. முன்பின் தெரியாத ஒருவன் வேகமாகப் போடும் ஒரு பந்தை எதிரே நின்று பார்க்க வேண்டும். அவன் அம்மா யார், எந்தக் கடையில் கடன் வைத்திருக்கிறான், காலையில் என்ன தின்றான் என்று ஒன்றுமே தெரியக் கூடாது. ரன் வருவதும் வராததும் அப்புறம்.

"தெரியாத ஆளு கல்லெறிஞ்சா வாங்கிக்க இவ்ளோ ஆசையா?" என்பாள் அவன் மனைவி லோர்னா.

"உனக்குப் புரியாது லோர்னா."

"எனக்கென்ன புரியணும்? மேல இருந்து கீழ வரைக்கும் பஞ்சு கட்டிக்கிட்டுப் போய் நிக்கறது நீதானே."

அந்த ஆசை நிறைவேறும்படி அமைந்தது ஜெனீவாவில் ஒரு மேசை துடைக்கப்பட்டதால்.

ஜெனீவாவில் அகில உலகக் கிரிக்கெட் மேம்பாட்டு மன்றம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கட்டிடம், ஏரியைப் பார்த்த ஜன்னல்கள், ஏராளமான ஊழியர்கள். அவர்களில் கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டவர் வாசல் காவலாளி ஒருவர்தான், யாழ்ப்பாணத்துக்காரர். அவரை மாடிக்கு விடுவதில்லை. மன்றத்தின் தலைவர் பான் ஓஸ்ட், வெள்ளிவிழாவுக்குள் நூறு நாடுகள் சேர வேண்டும் என்று அறிவித்துவிட்டார். கணக்கு தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது. உலகப்படத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு உதவியாளர் அட்லாண்டிக் கடலில் விழுந்திருந்த காபித் துளியைத் துணியால் துடைத்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். அப்போதும் போகவில்லை. நூறாவது நாடு கிடைத்துவிட்டது.

எந்த மண்டலத்தில் சேர்ப்பது என்று அடுத்த சிக்கல். வட ஐரோப்பாவில் ஒரு இடம் காலியாக இருந்தது. 'வட ஐரோப்பா, வெயில் பிரிவு' என்று எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

அணியை அங்கீகரிக்க ஹென்ரிக் என்ற மன்ற அலுவலர் தீவுக்கு வந்தார். வாரத்துக்கு ஒரு விமானம். காற்று சரியில்லை என்று ஓடுபாதை வரை வந்து, நமீபியாவுக்குத் திரும்பிப் போய், மறுநாள் மறுபடி வந்து, மறுபடி திரும்பிப் போய், ஒருவழியாகத் தரை தொட்டபோது ஹென்ரிக் குமட்டலில் பச்சையாக இருந்தார். காற்று மாறுவதற்குள் அதே விமானத்தில் ஏறி ஓடிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது. மைதானத்துக் கொட்டகையில் வீரர்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். சட்டி ஒவ்வொருவராகக் காட்டிப் பெயர் சொன்னான், தனக்குத் தெரிந்த பெயரை.

"இது பிஸ்கட். அது ஊசி. அந்த நெட்டையன் கொசு. கடைசியில நிக்கறது ராஜா."

ஹென்ரிக் பேனாவைக் கீழே வைத்தார். "ராஜாவா?"

"ஆமாங்க. ராஜாதான்."

"எந்தப் பகுதிக்கு?"

"ஹாஃப் ட்ரீ ஹாலோ பூரா இவன்தான். இப்பல்லாம் லாங்வுட்டும் இவன் கைக்கு வந்துருச்சு. அங்க ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தாரு, வயசாயிருச்சு, விட்டுக் கொடுத்துட்டாரு."

"பரம்பரையாகவா?"

"அவங்க அப்பாவும் இதேதான். அவருக்கு முன்னாடி தாத்தா. ஆனா அவர் காலத்துல தீவுல மொத்தமே மூணு ஃப்ரிட்ஜ்."

கடைசி வாக்கியம் காற்றில் போயிற்று. ஹென்ரிக் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். "மக்கள் மதிக்கிறாங்களா?"

"வெயில் காலத்துல ரொம்ப."

"ராணி இருக்காங்களா?"

"லோர்னாவா? ராஜாவே அவங்களைக் கண்டா நடுங்குவான்."

ஹென்ரிக் கடைசி ஆளுக்கு முன்னால் போய் இடுப்பு வரை குனிந்தார். ராஜா, கீழே ஏதோ விழுந்துவிட்டது போல என்று நினைத்து அவனும் குனிந்து தேடினான். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. சர்வதேசக் கிரிக்கெட்டில் டெஸ்மண்ட் பார்கோவின் முதல் காயம் அதுதான்.

அதற்கப்புறம் நடந்தது எதற்கும் அவன் பொறுப்பில்லை.

மண்டலப் போட்டி பின்லாந்தில். விமானத்திலிருந்து இறங்கியதும் சிவப்புக் கம்பளம், எதிரே வாத்தியக் கோஷ்டி. தீவின் கீதம் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கப்பல்காரர்களின் நடனப் பாட்டு ஒன்றை மிக மெதுவாக வாசித்தார்கள். சட்டி இடுப்பை ஆட்டத் தொடங்கி, மற்றவர்கள் விறைத்து நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பத்துப் பேரைப் பேருந்தில் ஏற்றினார்கள். ராஜாவைக் கறுப்புக் காரில் ஏற்றினார்கள். மட்டை இருந்த பையை இரண்டு பேர் பட்டுத் தலையணை மேல் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றான் ராஜா. "ஏதோ தப்பு நடந்துபோச்சு. நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன்."

முன் சீட்டிலிருந்த ஹென்ரிக்கின் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ எளிமை!" என்றார் ஓட்டுநரிடம். மறுநாள் மன்றத்தின் செய்திக்குறிப்பில், 'தம் மக்களின் உணவு கெட்டுப்போகாமல் இரவும் பகலும் காத்துவரும் மன்னர்' என்று வந்தது. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதால் ராஜாவுக்கு மறுக்க வழி தெரியவில்லை.

விடுதியில் அவனுக்குத் தனி மாடி. ஐஸ் இயந்திரம் ஒன்று நடைபாதையில் கர்ரென்று முனகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எந்த ஃப்ரிட்ஜ்காரனாலும் சும்மா இருக்க முடியாது. ஸ்க்ரூ டிரைவர் வாங்கி மூடியைக் கழற்றி, விசிறியில் சிக்கியிருந்த காகிதத்தை எடுத்துப் போட்டான். நிமிர்ந்து பார்த்தால் ஏழெட்டுப் புகைப்படக்காரர்கள். விடுதி மேலாளர் அந்த இயந்திரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார். அதன்பின் அதிலிருந்து யாருக்கும் ஐஸ் கிடைக்கவில்லை.

முதல் ஆட்டம் எஸ்டோனியாவோடு. காலையில் இரண்டு அணிகளையும் அம்பயர்களையும் உட்கார வைத்து ஹென்ரிக் நெறிமுறை வாசித்தார்.

"மன்னரை நோக்கி வேகமா எதையும் எறியக் கூடாது. மன்னருக்கு முதுகு காட்டக் கூடாது. பந்து போடறதுக்கு முன்னாடி ஒரு வணக்கம், போட்ட பிறகு ஒரு வணக்கம். ரொம்ப முக்கியம், அம்பயர்கள் கவனிங்க. மன்னரைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது."

"அப்போ அவுட்னா?" என்று கேட்டார் அம்பயர். மீசை வைத்த, நியாயமான மனிதர். வார நாட்களில் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

"அதான் சொன்னேனே."

அம்பயர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். கடைசி ஆட்டம்வரை அவர் கையை யாரும் பார்க்கவில்லை.

மன்னர் பதினோராவது ஆளாக இறங்குவது மரியாதையில்லை என்று ராஜாவை முதல் ஆளாக இறக்கினார்கள். எதிரே ஒரு எஸ்டோனியன். தோளெல்லாம் சதை, முறைக்கிற கண். இவன் யார் என்று சத்தியமாக ராஜாவுக்குத் தெரியாது. 'வாடா என் தங்கமே,' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மட்டையைத் தட்டினான்.

எஸ்டோனியன் குனிந்து வணங்கினான். பிறகு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து போனான். போகிற வழியில் அம்பயர் மேல் இடித்து, மிட் ஆஃப்காரனின் காலை மிதித்து, ஒருவழியாக ஓட ஆரம்பிக்கும் இடத்தைக் குதிகாலால் துழாவிக் கண்டுபிடித்தான். ஓடிவந்தான். பெருமூச்சு விட்டான். குழந்தைக்கு ஆரஞ்சு உருட்டிக் கொடுப்பது போலப் பந்தை உருட்டினான். மறுபடி வணங்கினான்.

ராஜாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே காலை நீட்டினான். பந்து காலில் பட்டது. பார்வையாளர்கள் பக்கம் ஒரு நாய்கூட அவுட் என்றுதான் குரைத்தது. அம்பயர் வானத்தைப் பார்த்தார். அடுத்த பந்தை நேரே ஒருவன் கைக்கு அடித்தான். அவன் பிடித்துவிட்டு, என்ன காரியம் செய்தோம் என்று உறைத்ததும், சுட்ட உருளைக்கிழங்கைப் போடுவது போலக் கீழே போட்டு, மன்னிப்பும் கேட்டான். ராஜா கோட்டைத் தாண்டி வெளியே போய்ச் சும்மா நின்றான். விக்கெட் கீப்பர் முழங்கையைப் பிடித்து, கல்யாண வீட்டில் பெரியவரை நாற்காலிக்குக் கூட்டிப் போவது போல உள்ளே கூட்டி வந்தான்.

"மன்னரே, கோடு இங்க இருக்கு."

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். என்னை ஸ்டம்ப் பண்ணிடேன்."

"மாட்டேன் மன்னரே. எங்களுக்கு மன்றம் தர்ற மானியம் நின்னுடும்." அதே மூச்சில் குரலைத் தாழ்த்தினான். விக்கெட் கீப்பருக்கு வாய் சும்மா இருக்காதல்லவா. "ஆனா மாட்சிமை தங்கிய தங்கள் ஆட்டத்தைப் பாத்தா, எங்க வீட்டு மாடு வேலி தாண்டறது ஞாபகத்துக்கு வருது. தப்பா நினைக்காதீங்க."

அந்த மைதானத்தில் ராஜாவிடம் யாராவது உண்மை பேசினார்கள் என்றால் அவன் ஒருவன்தான். ராஜாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் தன் மட்டையாலேயே தன் ஸ்டம்பை அடித்துச் சாய்த்தான். அம்பயர் கோட்டுப் பைக்குள் கையை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டு, "காத்து," என்றார். இலை அசையவில்லை.

அறுபத்தொரு ரன், ஆட்டமிழக்கவில்லை. தீவு தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே வென்றது. சட்டி ஓடிவந்து அவனைத் தூக்கிச் சுற்றினான். லக்ஸம்பர்க்கோடு நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ராஜா மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். பந்து அவன் தொப்பியில் பட்டு எல்லைக்கு ஓடியது. நாலு ரன் என்று அறிவித்தார்கள். அவன் எழுந்து நகர்ந்தபோதெல்லாம் ஒரு ரன் என்றார்கள். அதிலும் தீவுக்கு வெற்றி. மன்றத்தின் உலகத் தரவரிசையில் ராஜா ஒன்பதாவது இடம். ஒரு தடவைகூட அவுட் ஆகாததால் சராசரி போட முடியவில்லை. 'எல்லையற்றது' என்று போட்டார்கள்.

"நான் போய் உண்மையைச் சொல்லப்போறேன்டா," என்றான் ராஜா அன்று விடுதியில்.

"சொல்லிட்டு?" சட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "ரெண்டு ஜெயிச்சிருக்கோம்டா. ஊர்ல மணி அடிச்சாங்களாம். ஜேம்ஸ்டவுன் தெருவுல வண்டியெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டே போச்சாம். நாலாயிரம் பேரோட சந்தோஷம்டா, கெடுத்துடாதே."

"ஜெயிச்சது நாமளாடா?"

சட்டி போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. வாழ்க்கையில் இதுவரை வெளியூர்க்காரன் யாரையும் அவன் ஜெயித்ததில்லை, அவ்வளவுதான்.

ராஜா லோர்னாவுக்குப் போன் போட்டான்.

"என்ன ராஜா, அறுபத்தொண்ணு அடிச்சியாமே! சித்தப்பா எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியறார்."

"அடிக்கலை லோர்னா. ஒரு பந்துகூடப் போடலை எனக்கு. உருட்டி விடறாங்க. அவுட் ஆனா அவுட் இல்லைங்கறாங்க. இத்தனை தூரம் வந்தேன், இத்தனை தெரியாத ஆளுங்க, ஒருத்தனும்..." மூக்கை உறிஞ்சினான்.

லோர்னா கேலி பண்ணுவாள் என்று நினைத்தான். பண்ணவில்லை.

"உனக்கு ராஜா உத்தியோகம் வேணுமா, பந்து வேணுமா?"

"பந்துதான்."

"அப்போ உத்தியோகத்தை விட்டுடு. இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

மறுநாள் காலை ராஜா பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மன்றத்தாரிடம் போனான். வெள்ளிவிழாவுக்காகத் தலைவர் பான் ஓஸ்டே ஜெனீவாவிலிருந்து வந்து இறங்கியிருந்தார். பெரிய உடம்பு, வெல்வெட் கோட்டு, பேசும்போது எதிரில் ஆயிரம் பேர் இருப்பது போன்ற பாவனை. பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"டெஸ்மண்ட் பார்கோ! மாறுவேடத்துக்கு நல்ல பெயர். மன்னர்கள் இப்படிப் பயணம் செய்யறது பழைய மரபுதானே."

"மாறுவேடம் இல்லைங்க. அதான் நான். ராஜாங்கறது பட்டப்பெயர். எங்க ஊர்ல எல்லாருக்கும் உண்டு. எங்க கேப்டனைச் சட்டின்னு எழுதியிருக்கீங்களே, அவன் என்ன சட்டியா?"

தலைவரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. ஹென்ரிக்கைப் பார்த்தார். ஹென்ரிக் மறுபடி பச்சையாகிவிட்டிருந்தார். தலைவர் எழுந்து ஜன்னலோரம் போய், வெளியே யாரும் இல்லாவிட்டாலும் உரையை ஆரம்பித்துவிட்டார்.

"நண்பர்களே! இந்த மன்றத்துல தப்பு நடந்திருக்கான்னா, நடக்கலை. நடந்திருந்தா விசாரணைக் குழு போட்டிருப்போம். குழு போடலை. அதனால தப்பு நடக்கலை. எங்கள்ல யாருக்கும் கிரிக்கெட் தெரியாதுன்னு பொறாமைக்காரங்க சொல்றாங்க. நான் பெருமையா ஒத்துக்கறேன். தெரிஞ்சா ஒரு பக்கம் சாஞ்சிடுவோம். தெரியாததாலதான் நடுநிலையா இருக்கோம்! ஆட்டத்தை வளர்க்கணும்னா முதல்ல மன்றத்தை வளர்க்கணும். மன்றம் வளர்ந்த பிறகும் நிதி மிச்சம் இருந்தா, ஆட்டம் எங்க போயிடும்? அது வெளியில மைதானத்துலதானே கிடக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார். "மன்னரே, உங்க படம் போட்ட அஞ்சல்தலை அச்சாயிட்டிருக்கு. நீங்க மன்னர் இல்லைன்னு சொல்ல முடியாது. வேணும்னா மன்னரா இருந்து விலகலாம்."

"இல்லாத பதவியிலிருந்தா?"

"இருக்கற பதவியிலிருந்து எங்க மன்றத்துல யாரும் விலகினதில்லை. அதைக் கேட்காதீங்க."

ராஜா யோசித்தான். "விலகிட்டா, எனக்கு ஒழுங்கா ஒரு பந்து போடுவாங்களா?"

"சாதாரண ஆளுக்கு எப்படி வேணும்னாலும் போடலாம். யார் கேட்கப்போறா?"

"சரி," என்றான் ராஜா.

கடைசி ஆட்டம் பின்லாந்தோடு. துறக்க ஒரு கிரீடம் வேண்டும் என்று, குழந்தைகளின் பிறந்தநாள் சாமான் விற்கிற கடையிலிருந்து ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். மைதான நடுவில் மேடை. தீவின் மணிமுடியைத் துறப்பதாக ஹென்ரிக் எழுதிக் கொடுத்ததை ராஜா வாசித்தான். 'கடல் சூழ்ந்த என் மலைகளே' என்ற இடத்தில் பின்லாந்துப் பெண்மணிகள் கைக்குட்டையை எடுத்தார்கள். பிஸ்கட்டும் ஊசியும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டார்கள். அணியினர் விம்முகிறார்கள் என்று அறிவிப்பாளர் சொன்னார். கிரீடத்தை வாங்கிக்கொள்ள வாரிசு யார் என்று கேட்டபோது தன்னைக் கை காட்டிவிடுவார்களோ என்று சட்டி தரையோடு தரையாகக் குந்திவிட்டான். கடைசியில் தலைவர் பான் ஓஸ்ட் வாங்கினார். படம் எடுப்பதற்காக ஒரு நிமிடம் தலையில் வைத்தார். பிறகு எடுக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. தன்னைப் பதினோராவது ஆளாகவே இறக்க வேண்டும் என்று ராஜா ஒற்றைக் காலில் நின்றான். இரண்டாவதாக மட்டை பிடித்த தீவுக்கு ஒன்பது விக்கெட் விழுந்ததும் இறங்கினான். பந்து ஒரு தாடிக்காரன் கையில் இருந்தது. செம்பட்டைத் தாடி, ஏணி உயரம். அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்ததுமே ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"பேர் சொல்லாதீங்க! யாரும் அவன் பேரைச் சொல்லாதீங்க!"

தாடிக்காரன் குனியவில்லை. வணங்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மடமடவென்று நடந்தான். அந்த அகலமான முதுகைப் பார்த்து ராஜாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. தாடிக்காரன் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே போய்த் திரும்பினான். ஓடிவந்தான். பூமி அதிர்ந்தது. தோள் இறங்கியிருக்கிறதா, வீட்டில் சண்டையா, ராஜாவுக்கு ஒரு எழவும் தெரியவில்லை. கை சுழன்றது. பந்து அங்கே இருந்தது. அப்புறம் எங்கேயும் இல்லை. பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் நடு ஸ்டம்ப் ஆகாயத்தில் கரணம் போட்டுக்கொண்டிருந்தது.

ராஜா குழந்தை போலச் சிரித்தான். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாடிக்காரனிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினான். பெவிலியனைப் பார்த்து நடந்தான்.

"ஒரு நிமிஷம் மன்னரே," என்றார் அம்பயர். கை இன்னும் பைக்குள்தான். காதில் மாட்டியிருந்த கருவியை உற்றுக் கேட்டு, பாவம், கூனிக்குறுகிச் சொன்னார். "ஜெனீவாலேர்ந்து சொல்றாங்க. பதவி விலகலை நெறிமுறைக் குழு கூடி ஏத்துக்கணுமாம். குழு அடுத்த மாசம்தான் கூடுதாம். அதுவரைக்கும் விலகல் செல்லாது. பந்தும் செல்லாது. நீங்க திரும்பி வந்து ஆடலாம்."

இரண்டு பேர் விழுந்த ஸ்டம்பை எடுத்து வந்து நட்டார்கள். தாடிக்காரன் முகம் வாடி, வேறு வழியில்லாமல் குனிந்து வணங்கினான். அந்த வணக்கத்தைத்தான் ராஜாவால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு பந்து. அதையும் பிடுங்கப் பார்க்கிறார்களே. திரும்பி அம்பயரிடம் வந்தான்.

"அப்போ இந்த நிமிஷம் நான் ராஜாதானா?"

"சந்தேகமே இல்லை மன்னரே. ஜெனீவாவே சொல்லியாச்சு."

"ராஜா ஒண்ணு சொன்னா?"

"சொன்னதுதான் சட்டம். நெறிமுறையில அப்படித்தான் போட்டிருக்கு."

"தலைவரும் கேட்கணுமா?"

"எல்லாரும் கேட்கணும்."

ராஜா நிமிர்ந்து நின்றான். தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆயுளில் முதல் தடவையாக அந்தப் பட்டத்துக்குத் தகுந்த குரல் அவனிடமிருந்து வந்தது.

"அப்போ கேட்டுக்கோங்க. இது ராஜ உத்தரவு. நான் அவுட்."

அம்பயர் திகைத்தார். "மன்னரே, விரல் நீட்டக் கூடாதே..."

"நீட்டுய்யா!"

மேடையில் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்த பான் ஓஸ்ட் துள்ளி எழுந்து ஏதோ கத்தினார். ஹென்ரிக் நெறிமுறையைப் புரட்டு புரட்டு என்று புரட்டினார். அம்பயர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கணக்கு வாத்தியாரல்லவா, விடை சரி என்றால் சரிதான். காதுக் கருவியைக் கழற்றிப் புல்லில் போட்டார். கோட்டுப் பையிலிருந்து வலது கை மெல்ல வெளியே வந்தது. பைக்குள்ளேயே கிடந்து வெளுத்துப்போன அந்தக் கை, தலைக்கு மேல் உயர்ந்து, விரலை நீட்டியது. தாடிக்காரன் ஹோவென்று கத்திக்கொண்டு ஓட, பின்லாந்து அணி முழுவதும் அவன் மேல் விழுந்து புரண்டது. தீவு தோற்றது. ராஜா தலைக்கு மேல் மட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே பெவிலியனுக்குப் போனான். எதிரே ஓடிவந்த சட்டி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டு, கால் பஞ்சைக் கழற்றிவிட உட்கார்ந்தான்.

ஒரு காலில் பஞ்சு இன்னும் கட்டியிருக்கும்போதே ராஜா போனை எடுத்தான்.

"எத்தனை அடிச்ச?" என்று கேட்டாள் லோர்னா.

"முட்டை. முதல் பந்துலயே போல்டு."

"அப்புறம் எதுக்கு இப்படிச் சிரிக்கற?"

"லோர்னா, அவன் யாருன்னே எனக்குத் தெரியாது! பந்து எந்தப் பக்கம் வந்துச்சுன்னுகூடத் தெரியலை!"